பளிச்சென்ற நிறமும் இரைகொல்லியின் நினைவும்

கேள்வி இதுதான்: பெரும்பாலான பூச்சிகளும் தவளைகளும் இலையோடு இலையாக, மண்ணோடு மண்ணாக ஒளிந்து உயிர் பிழைக்கும்போது, சில மட்டும் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் திரிவது ஏன்? முதன்முதலில் அப்படி நிறம் மாறிப் பிறந்த உயிர் உடனே தின்னப்பட்டு அழிந்திருக்க வேண்டாமா? அந்த நிறத்தைக் கண்டால் விலக வேண்டும் என்பதை இரைகொல்லி பிறவியிலேயே அறிந்திருக்கிறதா, பட்டுத்தான் தெரிந்துகொள்கிறதா? இந்த மூன்றுக்கும் சேர்த்தே விடை சொல்ல வேண்டியிருக்கிறது. நிறம் இரையின் உடம்பில் இருந்தாலும் அதற்குப் பொருள் உண்டாவது இரைகொல்லியின் கண்ணிலும் நாக்கிலும் நினைவிலும்தான். அதை விட்டுவிட்டு இரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எச்சரிக்கை நிறம் என்பது விளங்காத புதிராகவே இருக்கும்.

எருக்கஞ்செடியில் வளரும் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவை அருகில் வைத்துப் பார்ப்போம். வெள்ளையும் கறுப்புமாக வளையம் வளையமாகக் கோடுகள், அவற்றின் இடையிடையே மஞ்சள் புள்ளிகள், முதுகில் மூன்று இணைக் கறுப்பு இழைகள். சாம்பல் பூத்த எருக்க இலையின் மேல் அது பட்டப்பகலில் மேய்கிறது. ஒளிந்துகொள்ளும் எண்ணமே அதனிடம் தெரிவதில்லை. அதிலிருந்து வெளிவரும் பட்டாம்பூச்சியும் அப்படித்தான். செம்மஞ்சள் சிறகு, கறுத்த சிறகு நுனியில் வெள்ளைப் புள்ளிகள், கறுப்பு உடம்பில் வெண்பொட்டுகள், அவசரமே இல்லாத மெதுவான பறத்தல். உடம்போ தோல்போல உறுதியானது. பறவை ஒருமுறை கவ்விவிட்டு உமிழ்ந்தாலும் பெரும்பாலும் செத்துவிடாமல் பறந்து போகிறது. எருக்கம்பாலில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள்கள் உண்டு. புழு அவற்றை உடம்பில் சேர்த்துக்கொள்ள வல்லது. போதாததற்கு, வளர்ந்த ஆண் பட்டாம்பூச்சிகள் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு போன்ற செடிகளைத் தேடிச் சென்று வேறொரு வகைக் கசப்பு வேதிப்பொருளையும் உறிஞ்சிச் சேர்க்கின்றன. நிறம், நடை, உடம்பின் உறுதி, நஞ்சு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் இது மீண்டும் தேவைப்படும்.

இந்தக் கேள்வியைத் தெளிவாக எழுப்பியவர் சார்லஸ் டார்வின். விலங்குகளின் பகட்டான நிறங்கள் பலவற்றை அவர் இணை தேடும் போட்டியால் விளக்கிவந்தார். பெண் அழகிய ஆணைத் தேர்ந்தெடுத்தால் நிறம் பெருகும். ஆனால் புழு இனப்பெருக்கம் செய்வதில்லை. அப்படியானால் சில புழுக்கள் ஏன் இவ்வளவு அலங்காரமாக இருக்கின்றன? 1867-இல் அவர் இதை இயற்கையியலாளர் ஹென்றி வால்டர் பேட்ஸிடம் கேட்க, பேட்ஸ் அவரை மற்றோர் இயற்கையியலாளரான ஆல்ஃபிரட் ரசல் வாலஸிடம் அனுப்பினார். வாலஸ் தந்த விடை எளிமையானது: சுவை கெட்ட புழுவுக்குத் தன் சுவைக்கேட்டை முன்கூட்டியே அறிவிக்கும் அடையாளம் வேண்டும். புழுவின் தோல் மெல்லியது. பறவை ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டுப் பிறகு துப்பினால் புழுவுக்கு என்ன பயன்? கொத்துவதற்கு முன்பே ‘இது வேண்டாம்’ என்று பறவைக்குத் தெரிந்தாக வேண்டும். வாலஸ் இதை ஊகமாக விட்டுவிடவில்லை. பறவை வளர்ப்போர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பூச்சியியலாளர்களிடம் கேட்டுக்கொண்டார். 1869-இல் ஜான் ஜென்னர் வெயர் தம் கூண்டுப் பறவைகளிடம் பலவகைப் புழுக்களைப் போட்டுப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்: மங்கிய நிறமும் வழவழப்பான உடலும் கொண்ட புழுக்களைப் பறவைகள் ஆவலோடு தின்றன, பகட்டு நிறப் புழுக்களையும் மயிர் அடர்ந்த புழுக்களையும் ஒதுக்கின. ஒரு கொள்கை முன்கூட்டிச் சொன்னதை இரண்டே ஆண்டுகளில் கூண்டுப் பறவைகள் உறுதிசெய்தன என்பது உயிரியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த நிகழ்வுகளுள் ஒன்று.

பறவையின் தலைக்குள் நடப்பதை நெருங்கிக் காட்டியவர் லிங்கன் பிரவர். 1960-களில் அவரும் உடன் பணியாற்றியோரும் நஞ்சுள்ள பால்செடியில் வளர்ந்த மோனார்க் பட்டாம்பூச்சிகளை, அவற்றை முன்பின் கண்டிராத நீல ஜே பறவைகளுக்குக் கொடுத்தனர். பறவை தயக்கமின்றித் தின்றது. சிறிது நேரத்தில் இறகுகளைச் சிலிர்த்தது, கழுத்தை நீட்டிக் குமட்டியது, விழுங்கியதை வாந்தியெடுத்தது. அதற்குப் பிறகு மோனார்க்கைக் கண்டாலே அது ஒதுங்கியது. இங்கே நோக்க வேண்டியது கால இடைவெளி. தின்ற கணத்துக்கும் வாந்திக்கும் நடுவே பல நிமிடங்கள் கழிகின்றன. அந்த இடைவெளியில் பறவை எத்தனையோ காட்சிகளைக் கண்டிருக்கும். துன்பத்தை எதனோடு முடிச்சுப் போடுவது? தெளிவான, மறக்க முடியாத, மற்ற எதையும் போலில்லாத ஓர் உருவம் இருந்தால் அதனோடு முடிச்சு எளிதில் விழுகிறது. பழுப்பு நிற இரை ஒன்று அதே துன்பத்தைத் தந்திருந்தால், மறுநாள் சுவையான பழுப்பு இரைகளுக்கிடையே அது கலந்து மறைந்துபோயிருக்கும். எச்சரிக்கை நிறம் கற்பதை விரைவுபடுத்துகிறது, கற்றதை நெடுநாள் நிலைக்கச் செய்கிறது, நல்ல இரையோடு குழப்பிக்கொள்ளும் தவற்றைக் குறைக்கிறது.

சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள், அவற்றோடு கறுப்பு என்று அதே சில நிறங்கள் ஒன்றுக்கொன்று உறவற்ற உயிரினங்களில் திரும்பத் திரும்பத் தோன்றுவதற்கும் பார்ப்பவரின் கண்ணே காரணம். பச்சை இலைப் பின்னணியில் சிவப்பும் மஞ்சளும் நன்றாக எடுத்துத் தெரிகின்றன. காலை வெயில், உச்சி வெயில், மேகமூட்டம், நிழல் என்று வெளிச்சம் மாறினாலும் அந்த வேறுபாடு பெரிதாகக் குலைவதில்லை. கறுப்புக் கோடு சேரும்போது ஒளியிலும் நிறத்திலும் ஒரே நேரத்தில் வேறுபாடு கிடைக்கிறது. கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் நான்கு வகை கொண்ட பறவைகளுக்கு இது பொருத்தமான அடையாளம். இரவில் நடமாடும், நாற்றமடிக்கும் நீரைப் பீய்ச்சித் தற்காத்துக்கொள்ளும் ஸ்கங்க் என்னும் விலங்கை எதிர்கொள்வன பெரும்பாலும் நிறங்களைச் சரியாகப் பிரித்தறியாத பாலூட்டிகள். அதன் முதுகில் இருப்பது கறுப்பும் வெள்ளையும் மட்டுமே, மங்கிய வெளிச்சத்திலும் தெரியக்கூடியவை.

பிறவியா, கற்றலா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. நஞ்சின் கடுமையைப் பொறுத்து விடை மாறுகிறது. ஒரே கடியில் உயிர் போகும் ஆபத்து இருந்தால் பட்டுத் தெரிந்துகொள்ளப் பறவை உயிரோடு இருக்காது. பவளப் பாம்புகள் வாழும் நடு அமெரிக்காவில், மாட்மாட் என்னும் பறவையின் குஞ்சுகளைக் கையில் எடுத்து வளர்த்த சூசன் ஸ்மித், அவை பாம்பையே பார்த்திராத நிலையில், வண்ணம் பூசிய மரக்குச்சிகளை அவற்றின் முன் வைத்தார். மஞ்சளும் சிவப்பும் மாறி மாறி வளையங்களாக இருந்த குச்சியை அவை தவிர்த்தன. அதே மஞ்சளும் சிவப்பும் நீளவாக்கில் கோடுகளாக இருந்தபோதும், வளையங்கள் பச்சையும் நீலமுமாக இருந்தபோதும் கொத்தின. நிறமும் அமைப்பும் சேர்ந்த ஒரு குறிப்பிட்ட வடிவம் அந்தக் குஞ்சுகளிடம் பிறவியிலேயே பதிந்திருக்கிறது என்பதை 1975-இல் வெளியான இந்தச் சோதனை காட்டியது. கசப்பு மட்டுமே உள்ள பூச்சிகளின் நிலை வேறு. அங்கே கற்றலுக்கு இடம் இருக்கிறது, பிறவிச் சாய்வு அதற்கு ஒரு தள்ளுதலைத் தருகிறது. அந்தச் சாய்வும் சில வேளைகளில் மறைந்திருந்து இன்னொரு குறி வந்தால்தான் விழிக்கிறது. பொறிவண்டுகளும் வேறு பல நச்சுப் பூச்சிகளும் பைரசின் என்ற கடுமையான மணத்தை வெளியிடுகின்றன. அந்த மணம் இல்லாதபோது கோழிக்குஞ்சுகள் மஞ்சள், சிவப்பு நிறத் தீனியை விலக்கவில்லை. மணம் சேர்ந்தவுடன் விலக்கத் தொடங்கின. 1996-இல் கண்டறியப்பட்ட இந்த உண்மை, எச்சரிக்கை என்பது நிறம் மட்டும் பேசும் பேச்சாக இருப்பது அரிது என்பதை உணர்த்தியது.

மற்றவரைப் பார்த்துக் கற்பதும் உண்டு. பட்டாணிக்குருவிகளுக்கு, இன்னொரு பட்டாணிக்குருவி கசப்பான இரையைத் தின்றுவிட்டுத் தலையை உதறி அலகை மீண்டும் மீண்டும் துடைக்கும் காணொளி காட்டப்பட்டது. அதைப் பார்த்த பறவைகள் அந்தக் குறியிட்ட இரையைத் தொடுவது குறைந்தது. 2018-இல் அச்சில் வந்த இந்த ஆய்வின் உட்பொருள் பெரிது. ஒரு பூச்சி சாகிறது, பாடம் பல பறவைகளுக்குப் போய்ச் சேருகிறது. பளிச்சென்ற இரை புதிதாகத் தோன்றும்போது அது செலுத்த வேண்டிய உயிர்விலை நாம் கணக்கிட்டதைவிடக் குறைவாக இருக்கலாம்.

அந்த உயிர்விலைதான் இந்தப் பொருளின் மிகக் கடினமான பகுதி. ஒளிந்து வாழும் ஆயிரம் கசப்புப் புழுக்களுக்கு நடுவே ஒன்று மட்டும் மரபணு மாற்றத்தால் பளிச்சென்று பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முதலில் கண்ணில் படும்; அதன் பொருளைப் பறவை இன்னும் கற்கவில்லை; ஆகவே அது சாகும், மரபணுவும் அதோடு போகும். பறவை பத்துப் புழுக்களைக் கொன்றுதான் கற்கும் என்றால், அந்தப் பத்துக்குள் அடங்கிவிடும் சிறுபான்மை எப்படிப் பெரும்பான்மை ஆகும்? 1930-இல் ரொனால்ட் ஃபிஷர் ஒரு வழி சொன்னார். ஒரே தாயின் புழுக்கள் ஒரே இலையில் கூட்டமாக இருந்தால், ஒன்றைத் தின்று வெறுத்த பறவை மற்றவற்றை விட்டுவிடும். இறந்த புழுவின் அதே மரபணு உடன்பிறப்புகளில் வாழும். நெடுங்காலம் இதுவே முதன்மை விளக்கமாக இருந்தது. ஆனால் வண்ணத்துப்பூச்சிகளின் வமிசாவளியை ஆராய்ந்த பிர்கிட்டா சிலேன்-டுல்பெர்க், பல கிளைகளில் எச்சரிக்கை நிறம் முதலிலும் கூட்டமாக வாழ்வது அதற்குப் பின்னரும் தோன்றியிருப்பதைக் கண்டார். காரணத்துக்கு முன்பே விளைவு வந்திருந்தால் விளக்கத்தை மாற்றத்தான் வேண்டும். அவரே செய்த வேறொரு சோதனை மாற்றுவழியைக் காட்டியது: கசப்பான ஒரு பூச்சியினத்தில் சிவப்பு நிறத்தவை பட்டாணிக்குருவியின் தாக்குதலிலிருந்து, சாம்பல் நிறத்தவற்றைவிட மிகுதியாக உயிர்தப்பின. பறவை தயங்கிக் கவ்வி, சுவைத்து, காயமின்றி விட்டுவிடுமானால் உடன்பிறப்பின் துணை தேவையில்லை. முன்னே சொன்ன வெந்தய வரியனின் உறுதியான உடம்பு இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

ஆலட்டாலோ, மாப்பஸ் ஆகிய இரு ஆய்வாளர்களின் 1996-ஆம் ஆண்டுச் சோதனை இந்தச் சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து அணுகியது. இன்று வாழும் எந்தப் பறவையின் முன்னோரும் எச்சரிக்கை நிறங்களோடு லட்சக்கணக்கான ஆண்டுகள் பழகியவர்கள். அவர்களை வைத்து ‘முதல் நாளை’ மீண்டும் நிகழ்த்த முடியாது. எனவே ஆய்வாளர்கள் நிறத்தை விட்டுவிட்டுக் காகிதக் குறிகளை எடுத்துக்கொண்டனர். தரை முழுவதும் சிலுவைக் குறிகள் அச்சிடப்பட்ட ஓர் அறையில், பாதாம் துண்டுகள் சிறு காகித உறைகளுக்குள் வைக்கப்பட்டன. சிலுவை வரைந்த உறை பின்னணியில் மறைந்துபோகும். சதுரம் வரைந்த உறை தனித்துத் தெரியும். சதுர உறைக்குள் கசப்பூட்டிய பாதாம். எந்தப் பட்டாணிக்குருவியின் பரம்பரையிலும் இப்படியோர் இரை இருந்ததில்லை. தனித்தனியாகச் சிதறிக் கிடந்தபோது சதுர உறைகளுக்கு இழப்பு மிகுந்தது. கூட்டமாக வைத்தபோது அந்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. ஃபிஷரின் கருத்து முற்றிலும் வீண் போகவில்லை என்பதே இதன் பொருள். கூட்டம் இருந்தால் உதவும், ஆனால் அது ஒன்றுதான் வாசல் என்று சொல்ல முடியாது.

அண்மையில் திறந்துகொண்ட இன்னொரு வாசல் எனக்கு மிகவும் ஏற்புடையதாகத் தோன்றுகிறது. நெருப்பு வயிற்றுத் தேரையின் முதுகு பச்சை அல்லது பழுப்பு. அடிவயிறு செக்கச்சிவந்த திட்டுகள் கொண்டது. அமைதியாக இருக்கும்போது அது ஒளிந்திருக்கிறது. அச்சுறுத்தினால் முதுகை வளைத்துக் கைகால்களைத் தூக்கி அடிநிறத்தைக் காட்டுகிறது. இப்படி மறைத்து வைத்த நிறத்துக்கு முதல் நாள் சிக்கலே இல்லை. கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது வெளிப்படுகிறது, ஆகவே இழக்க எதுவும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தவளை, சாலமாண்டர் இனங்களின் வமிசாவளியை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, முழு உருமறைப்பிலிருந்து முழு எச்சரிக்கை நிறத்துக்கு நேராகத் தாவியதைவிட, இத்தகைய மறைநிறம் என்னும் இடைப்படியின் வழியே சென்றதே மிகுதி என்று கண்டது. பாய்ந்து கடக்க முடியாத பள்ளத்துக்குப் படிக்கட்டு இருந்திருக்கிறது. ஒளிதலும் காட்டலும் ஒன்றுக்கொன்று எதிர் என்ற எண்ணத்தையும் இது தளர்த்துகிறது. மஞ்சளும் கறுப்புமான சாயமேற்றி அம்புத்தவளையின் கோலம் அருகிலிருந்து பார்த்தால் மிகத் தெளிவு. தொலைவிலிருந்து பார்த்தால் அந்த நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து காட்டுத் தரையோடு ஒன்றிப்போகின்றன. ஒரே தோல் தூரத்தில் மறைக்கிறது, கிட்டத்தில் எச்சரிக்கிறது.

ஒரு குறிக்குப் பொருள் நிலைத்துவிட்டால் அதைப் போலி செய்வோர் வருவர். அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் பூச்சி சேகரித்த பேட்ஸ், நஞ்சற்ற பட்டாம்பூச்சிகள் நஞ்சுள்ளவற்றின் உருவத்தில் திரிவதை 1862-இல் விளக்கினார். அதற்கு வேறு விதமான ஒப்புமை ஒன்றை 1870-களின் இறுதியில் பிரிட்ஸ் முல்லர் விளக்கினார்: நஞ்சுள்ள இரண்டு இனங்கள் ஒரே கோலத்தைப் பகிர்ந்துகொண்டால், பறவைகளுக்குப் பாடம் கற்பிக்க ஆகும் உயிர்ச்சேதத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. முதல் வகையில் போலி செய்பவன் உண்மையான எச்சரிக்கையின் மதிப்பைக் குறைக்கிறான். இரண்டாம் வகையில் இருவரும் அதைக் கூட்டுகின்றனர். இந்த எல்லைக்கோடு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. மோனார்க்கை நஞ்சின்றிப் போலி செய்கிறது என்று பாடநூல்கள் நெடுங்காலம் எழுதிவந்த வைஸ்ராய் பட்டாம்பூச்சி, தானும் சுவை கெட்டதே என்று 1991-இல் தெரியவந்தது.

நஞ்சற்ற போலியின் வாழ்வு எண்ணிக்கையோடு பிணைந்தது. போலிகள் பெருகினால் பறவைக்குச் சுவையான அனுபவமே அதிகம் கிடைக்கும், பாடம் கலையும். கறிவேப்பிலை அழகி பட்டாம்பூச்சியில் இதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். அதன் பெண்களில் சில ஆணைப் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கின்றன. வேறு சில, ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேறிய ரோஜா அழகியைப் போலச் சிவப்புப் புள்ளிகளோடு இருக்கின்றன. ஆடும் தீண்டாத கொடி என்று பெயரிலேயே அந்தச் செடியின் நஞ்சை நம் மொழி பதிந்துவைத்திருக்கிறது. ஒரே தாயின் முட்டைகளிலிருந்து இரு கோலமும் வரலாம். இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஆட்டிவைப்பது, பூச்சிகளில் பாலினத்தை நிர்ணயிக்கும் வேலையைச் செய்யும் டபுள்செக்ஸ் என்ற மரபணு என்பது 2014-இல் கண்டறியப்பட்டது. போலிக்கு மூலம் அருகில் இருக்க வேண்டும் என்பதையும் சோதித்திருக்கிறார்கள்: அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில், பவளப் பாம்பைப் போன்ற வளையங்கள் கொண்ட களிமண் பாம்புகளை வைத்துப் பார்த்தபோது, உண்மைப் பவளப் பாம்பு வாழும் பகுதிகளில் அவை குறைவாகவும் அது இல்லாத பகுதிகளில் மிகுதியாகவும் கடிபட்டன. வளையம் அதேதான், அதை அஞ்சக் காரணமுள்ள விலங்குகள் மட்டும் அங்கே இல்லை.

இரைகொல்லியைப் பாடம் கற்கும் மாணவனாக மட்டும் நினைப்பதும் தவறு. அது கணக்குப் பார்க்கிறது. நஞ்சு எது, நல்லது எது என்று நன்கு கற்றுவிட்ட ஸ்டார்லிங் பறவைகளுக்குத் தீனியைக் குறைத்தபோது, கசப்பூட்டப்பட்டவை என்று தெரிந்தே அந்தப் புழுக்களை முன்னைவிட அதிகமாகத் தின்றன. பசி மிகும்போது நஞ்சும் உணவாகிறது. குளிர்காலத்தில் ஓர் எச்சரிக்கை நிறத்தின் மதிப்பு கோடையில் இருந்த அளவுக்கு இராது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். மெக்சிகோவின் மலைக்காடுகளில் கோடிக்கணக்கில் கூடிக் குளிர்காலம் கழிக்கும் மோனார்க்குகளை இரண்டு பறவைகள் விடாமல் தின்கின்றன. கருமுதுகு ஓரியோல் நஞ்சு செறிந்த வெளித்தோலை விட்டுவிட்டு உடம்பின் உட்பகுதியை மட்டும் உருவித் தின்கிறது. கருந்தலை கிராஸ்பீக்குக்கு அந்த நஞ்சைத் தாங்கும் ஆற்றல் இருக்கிறது. எத்தனை தெளிவான எச்சரிக்கையும் அதை மதிக்க வேண்டிய தேவை இல்லாதவரிடம் செல்லாது.

நிறம் எட்டாத இடத்திலும் இதே நாடகம் நடக்கிறது. இரவில் வௌவாலுக்குச் சிவப்பும் மஞ்சளும் பயன்படாது. அதனால் நஞ்சுள்ள புலி அந்துப்பூச்சிகள், வௌவாலின் மீயொலி தம்மை நெருங்கும்போது பதிலுக்குச் ‘சொடக்’ ஒலிகளை எழுப்புகின்றன. இந்த ஒலியையும் கசப்பையும் சேர்த்துக் கற்ற வௌவால்கள், பின்னர் வேறோர் இனம் அதே போன்ற ஒலியை எழுப்பியபோதும் விலகின. அந்த இனம் சுவையானதாக இருந்தபோதும் பல வௌவால்கள் முதலில் ஏமாந்தன. பேட்ஸ் அமேசானில் பகல் வெளிச்சத்தில் கண்ட அதே ஏமாற்று, இருட்டில், ஒலியின் வடிவில் நிகழ்கிறது.